கிழக்கே மலை, மேற்கே வெயில்

பனச்சமூட்டில் கேமராவைக் கிழக்கே திருப்பினால் மலைதான். தமிழக எல்லையை ஒட்டிய இந்தக் கேரள ஊருக்குப் பக்கத்தில் குரிசுமலையும் காளிமலையும். அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், வடக்கே தள்ளி, 1868 மீட்டர் உயர அகத்தியர்கூடம்.

காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் நிற்கும். சரிவுகள் இருண்டு, விளிம்புகள் மட்டும் அடுக்கடுக்காக எஞ்சும். முன்மலை கருமை, அடுத்தது சாம்பல், கடைசி மலை வானத்தோடு கரையும் நீலம். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தூரமே நிறமாகிவிடுகிறது. மாலையில் ஆட்டம் மாறும். மேற்கு வெயில் நேராக விழுந்து பாறை மடிப்பையும் ரப்பர் தோட்டத்தையும் பிரித்துக் காட்டும்.

புகைப்படக்காரர் மேகம் விலகும்வரை காத்திருக்கலாம். சினிமாக்காரருக்கு அது மட்டும் போதாது. ஒரு காட்சியின் பத்து ஷாட்டிலும் வெளிச்சம் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட சினிமாக்காரர்களில், மட்டக்களப்புக்காரரான பாலு மகேந்திரா இயற்கை ஒளிக்குப் பேர்போனவர். ஒளிப்பதிவாளராக அவர் அறிமுகமான மலையாளப் படம் ‘நெல்லு’ (1974), களம் வயநாடு. அவரே இயக்கி ஒளிப்பதிவு செய்த ‘மூன்றாம் பிறை’ (1982) இறுதிக்காட்சியை நீலகிரியின் கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தபோது, திட்டத்தில் இல்லாத மழை பிடித்துக்கொண்டது. படப்பிடிப்பு நிற்கவில்லை. தவிக்கும் கமல்ஹாசனோடு அந்த மழையும் படத்துக்குள் வந்துவிட்டது.

ஒளிப்பதிவுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது.