எல்லோருக்கும் நூறு

2012 டிசம்பர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். கம்ப்யூட்டர் சயன்ஸ் ஃபைனல் பரீட்சை. மாணவர்கள் வெளியே நிற்கிறார்கள், ஒருத்தர்கூட உள்ளே போகவில்லை. யாராவது ஒரு ஆள் நுழைந்தால் மற்றவர்களும் ஓடிப்போய் உட்காரத் தயார். கடைசி வரை யாரும் நுழையவில்லை.

காரணம், பேராசிரியர் பீட்டர் ஃப்ரோலிக் மார்க் போடும் முறை. வகுப்பில் யார் அதிகம் வாங்குகிறாரோ அதுதான் 100. மற்றவர்களுக்கு அதை வைத்துக் கணக்கு. எல்லோரும் சைபர் என்றால் சைபர்தான் முதல் மார்க். (சைபரைச் சைபரால் வகுக்கலாமா என்று கணக்கு வாத்தியார்கள் சண்டைக்கு வரலாம்.) மனிதர் சொன்ன சொல் தவறாமல் அத்தனை பேருக்கும் 100 போட்டுவிட்டார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் 'கர்வ்' என்கிற இந்த வழக்கம் அமெரிக்கக் கல்லூரிகளின் பிஸிக்ஸ், கெமிஸ்ட்ரி வகுப்புகளில் பழைய சமாச்சாரம். பல ரகம் உண்டு. பிரபலமானது மணி வடிவம்: இத்தனை பேருக்கு ஏ, இத்தனை பேருக்கு பி என்று முன்கூட்டியே கோட்டா. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் நீங்கள் 45 வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். வகுப்பு சராசரி 38 என்றால் பி. அதே 45, கெட்டிக்காரர்கள் கூட்டத்தில் டி. உங்களுக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரி என்னவோ ஒன்றுதான். பக்கத்து சீட்டுக்காரர் ஜுரத்தில் படுத்தால் உங்களுக்கு லாபம். அவர் நோட்ஸ் கேட்டால் கொடுப்பீர்களா? அங்கே மெடிக்கல் காலேஜில் சேர இந்த மார்க்கையும் பார்க்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வித்தாள் அநியாயத்துக்குக் கஷ்டமாகிவிட்டால் கர்வ் எல்லோரையும் தூக்கிவிடும். வாஸ்தவம். பேப்பர் செட் பண்ணினவரின் தப்பையும் சேர்த்து மறைத்துவிடும்.

என் ஆட்சேபம் இன்னும் அடிப்படையானது. மணி வடிவம் எங்கே வரும்? தற்செயலான பல சின்னக் காரணங்கள் கூடுகிற இடத்தில், ஆட்களின் உயரம் மாதிரி. பாடம் நடத்துவது தற்செயலா என்ன? பெஞ்சமின் ப்ளூம் என்ற கல்வியாளர் 1968-லேயே இதைக் கேட்டார். வாத்தியார் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் கூட்டம் மேல் மார்க் பக்கம் சாய வேண்டும். செமஸ்டர் முழுக்க நடத்திய பிறகும் மணி மணியாகவே இருந்தால், சி கிரேடு யாருக்குப் போடுவது?

ஏ மலிந்துபோகிறதே என்ற கவலை நியாயம்தான். பிரின்ஸ்டனில் 2004-ல், ஏ வரிசை கிரேடுகள் 35 சதவிகிதத்துக்குள் அடங்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார்கள். பத்து வருஷம் அவஸ்தைப்பட்டு 2014-ல் கைவிட்டார்கள்.

ஃப்ரோலிக்கும் சும்மா இருக்கவில்லை. இனி எல்லோரும் சைபர் வாங்கினால் எல்லோருக்கும் சைபரே போடும் உரிமை தனக்கு உண்டு என்று விதியைத் திருத்திவிட்டார்.