கருகவிட்டால்தான் ருசி

கடுகு தாளிக்காத, கறிவேப்பிலை கிள்ளிப் போடாத ஒரு சமையலுக்கு நான் இப்படி அடிமையாவேன் என்று யாராவது சோசியம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது வீட்டில் என் வாயை மூட வைக்கத்தான் ஆள் தேடுகிறார்கள். மெக்ஸிகோ என்றதும் எல்லோரும் கன்கூனுக்குப் பறக்கிறார்கள். வெள்ளை மணல், நீலக் கடல், மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் சாப்பாடு, குடி எல்லாம் அதிலேயே அடக்கம். போகட்டும், நன்றாக இருக்கட்டும். நான் சொல்ல வருவது நாட்டின் தெற்கே, பாதி மலையும் பாதி பசிபிக் கரையுமாகக் கிடக்கும் வஹாகா மாநிலத்தைப் பற்றி. மெக்ஸிகோவில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு அங்கே போங்கள். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.

மாநிலத்தின் பெயரேதான் தலைநகருக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், பொழுது சாய்ந்தால் சால்வை கேட்கும். பழைய கட்டடங்கள் உள்ளூரில் வெட்டிய பச்சை சாயல் கல்லில் எழும்பியவை. மழை நனைத்தால் அந்தப் பச்சை இன்னும் கெட்டியாகத் தெரியும். நடுவில் சோகலோ என்கிற சதுக்கம், அதைச் சுற்றி மரநிழலும் காப்பிக் கடைகளும். கொஞ்சம் வடக்கே நடந்தால் சாந்தோ தொமிங்கோ தேவாலயம். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரை முழுக்கப் பொன்முலாம் பூசிய கொடிகளும் அவற்றில் காய்த்துத் தொங்கும் மனிதர்களுமாக ஒரு வம்ச மரம். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். நாங்கள் போனது நவம்பர் நடுவில். இறந்தோர் திருநாள் முடிந்து வாசல் வளைவுகளில் செண்டுமல்லி வாடிக் கிடந்தது. நம்மூர்ப் பூக்கடைகளில் மூட்டை மூட்டையாக இறங்கும் அந்தப் பூவுக்குச் சொந்த ஊர் மெக்ஸிகோதான்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். என் தங்கையும் கூட வந்திருந்தாள். அவள் சுத்த சைவம், நான் எதையும் விடாதவள். இரண்டு பேருக்கும் ஒரே ஊரில் வயிறு நிறைந்தது என்பதே வஹாகாவுக்கு நான் தரும் முதல் சான்றிதழ்.

‘20 நவம்பர்’ என்று ஒரு சந்தை இருக்கிறது. 1910-இல் மெக்ஸிகோ புரட்சி தொடங்கிய நாளின் பெயர் அது. அதன் ஒரு பக்கத்தில், இரண்டு வரிசை இறைச்சிக் கடைகளுக்கு நடுவே ஒரு நீளமான நடை. ‘புகை நடை’ என்றே அதைச் சொல்கிறார்கள். நுழைந்த மறுநிமிடம் கண் கலங்கும், முடி, துணி, கைப்பை எல்லாம் மணக்கும். உப்புத் தடவி மெல்லிசாக விரித்த மாட்டுக்கறி தசாஹோ, மிளகாய் பூசிய பன்றிக்கறி செசீனா. எடை போட்டு வாங்கினால் அங்கேயே கரியடுப்பில் வாட்டித் தருவார்கள். வெங்காயத்தாளும் பச்சை மிளகாயும் அதே தணலில் தோல் கருகும்வரை கிடக்கும். அப்புறம் வேறொரு அம்மாள் வந்து அவகாடோ மசியல், நறுக்கிய முள்ளங்கி, எலுமிச்சை எல்லாம் தட்டுத் தட்டாக வைத்துவிட்டுப் போவார். சோளரொட்டிக்கு இன்னொருவர். ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு. குழம்பாதீர்கள், எல்லாம் தானாக மேசைக்கு வந்து சேரும். பக்கத்தில் நடந்து போகிற முன்பின் தெரியாதவர்கூட நம் தட்டைப் பார்த்து ‘ப்ரோவேச்சோ’ என்று வாழ்த்திவிட்டுப் போகிறார். நன்றாகச் சாப்பிடு என்று ஊரே சொல்லும்போது எப்படிக் குறைத்துச் சாப்பிடுவது?

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பிடி கிடைத்தது. இந்த ஊர்ச் சமையலின் உயிர் கருகலில் இருக்கிறது. நாம் ஒரு நிமிடம் முன்னால் அடுப்பை அணைக்கிற இடத்தில் இவர்கள் ஒரு நிமிடம் பொறுக்கிறார்கள்.

கருப்பு மோலே என்கிற மிளகாய்க் குழம்பைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். வஹாகாவுக்கு ஏழு மோலேக்கள் என்பது ஊர்க்கணக்கு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போகும் அந்த வரிசையின் ராஜா கருப்பு. ஒரு வீட்டுச் சமையல் வகுப்பில் அது உருவாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். சில்வாக்லே என்கிற கருப்பு மிளகாய் இந்த மாநிலத்தில்தான் விளைகிறது, விலையும் அதற்கேற்றாற்போல். அதைக் கீறி, விதைகளைத் தனியே எடுத்து, மண் தோசைக்கல்லில் கொட்டி, கரியாகும்வரை எரிக்கிறார் வகுப்பு நடத்திய செனோரா. வறுக்கிறார் என்று எழுதவில்லை, எரிக்கிறார். கூடவே ஒரு சோளரொட்டியும் எரிந்து சாம்பல் நிறமாகிறது. ஜன்னலெல்லாம் திறந்திருந்தும் அடுக்களையில் இருந்த அத்தனை பேரும் இருமினோம். எரிந்த விதையை ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கசப்பை இறக்கி, பிறகு எள், பாதாம், வேர்க்கடலை, உலர்திராட்சை, வாழைப்பழம், கிராம்பு, பட்டை, சுட்ட தக்காளி, சுட்ட பூண்டு என்று முப்பதை ஒட்டிய சாமான்கள். எல்லாம் அரைபட்டுக் கொதித்து, கடைசியில் ஒரு கட்டி சாக்லேட். நாக்கில் வைத்ததும் இனிப்பு எட்டிப் பார்க்கிறது. அது நிலைப்பதற்குள் புகை வருகிறது, ஒரு நல்ல கசப்பு வருகிறது, விழுங்கிய பிறகு நிதானமாகக் காரம் ஏறுகிறது. நான் பேசாமல் சாப்பிட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது.

வழக்கமாக இதற்குக் கோழிச்சாறு சேர்ப்பார்கள். தங்கைக்காகக் காய்கறி வேகவைத்த நீரில் தனியே ஒரு சட்டி. சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கருப்பு பீன்ஸ் மசியலிலும் பன்றிக்கொழுப்பு இருக்கும், வாங்குவதற்கு முன் ‘சின் மந்தேகா’ (பன்றிக்கொழுப்பு இல்லாமல்) என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் கோபிக்கமாட்டார்கள். பூசணிப்பூவும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்த கெசதீயாவையும், முக்கோணமாக மடித்துச் சுட்ட தெத்தேலாவையும் அவள் சாப்பிட்ட வேகம் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்டுக்கிளிக் கூடையைக் கண்டதும் மட்டும், “அக்கா, நீ என்ன வேணா பண்ணு, நான் அந்தப் பக்கம் நிக்கறேன்” என்று நழுவிவிட்டாள். பூண்டும் எலுமிச்சையும் உப்பும் சேர்த்து மொறுமொறுவென்று வறுத்த சப்புலீனெஸ். முதல் கைப்பிடிக்குத்தான் தைரியம் வேண்டும், அடுத்ததைக் கை தானே எடுக்கும்.

இதற்கெல்லாம் அடித்தளம் சோளம். நாம் மக்காச்சோளம் என்கிறோமே, அதேதான், ஆனால் வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று நிறம் நிறமாக. அதை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து இரவு முழுக்க ஊறப்போட்டு, தோல் கழன்ற பிறகுதான் அரைக்கிறார்கள். சுண்ணாம்பு பட்டால்தான் மாவு பிசையத் தோதாகும். அதோடு சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்து உடம்பில் ஒட்டும். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள். மித்லா ஊருக்குப் பக்கத்தில் உள்ள கிலா நகீட்ஸ் என்ற குகையில் கிடைத்த சோளக்கதிர்கள் சுமார் 6,250 ஆண்டுப் பழமையானவை. அத்தனை காலத்துக் கைப்பக்குவத்தைத்தான் தெருமுனையில் ஓர் ஆயா சுட்டுத் தருகிறார்.

அந்தச் சுடலின் உச்சம் த்லாயூதா. பெரிய தாம்பாள அளவுக்கு ஒரு சோளரொட்டி. மேலே பீன்ஸ் மசியல், நூல் நூலாகப் பிரியும் கெசீயோ பாலாடைக்கட்டி, முட்டைக்கோஸ், இரண்டாக மடித்துக் கரித்தணலில் நேரே வைக்கிறார்கள். இரவு எட்டுக்கு மேல் நடைபாதையில் அடுப்பு மூட்டுவார்கள், நாம் குட்டி நாற்காலியில் காத்திருக்க வேண்டும். விளிம்பு கருகி முறுகியிருக்கும், உள்ளே உருகி ஓடும். நட்சத்திர ஓட்டலில் தட்டில் அலங்கரித்து வந்த த்லாயூதாவையும் சாப்பிட்டேன். வேண்டாம், நடைபாதைக்கே போங்கள்.

லா சொலெதாத் தேவாலயத்தின் முன்னால் ஐஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ‘எரிந்த பால்’ என்று ஓர் ஐஸ். நம் வீட்டில் பால் அடிப்பிடித்தால் அன்று முழுக்கத் திட்டு விழும். இவர்கள் வேண்டுமென்றே அடிப்பிடிக்க வைத்து, உறையவைத்து, சப்பாத்திக்கள்ளிப் பழத்தில் செய்த ரத்தச் சிவப்பு ஐஸை மேலே வைத்துத் தருகிறார்கள். அம்மாவை நினைத்துச் சிரித்துக்கொண்டே இன்னொரு கிண்ணம் வாங்கினோம்.

நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களை ஓட்டமாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுதாவது ஒதுக்குங்கள். மோந்தே அல்பான்: கி.மு. 500 வாக்கில் சபோதெக் மக்கள் மலையுச்சியைச் சமன் செய்து எழுப்பிய நகரம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் கோலோச்சியது. காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள், நிழல் கிடையாது. சாந்தா மரியா தெல் தூலேயில் ஒரு சைப்ரஸ் மரம், அடிமரத்தின் சுற்றளவு 35 மீட்டருக்கு மேல். தியோதித்லானில் நெசவாளர் வீடுகள். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினியல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கினால் குங்குமச் சிவப்பு, அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் ஆரஞ்சு. ஸ்பானியர் காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய சரக்கில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இந்தப் பூச்சிக்குத்தான். ஞாயிறு என்றால் த்லகோலூலா சந்தை. ரிப்பன் பின்னிய சடையும் பூவேலை செய்த மேலங்கியுமாகப் பாட்டிமார்கள் பூண்டு விற்க, பக்கத்தில் குழியில் புதைத்து வேகவைத்த ஆட்டுக்கறி ஆவி பறக்கும்.

சந்தியாகோ மாதத்லானில் மெஸ்கால் மது வடிக்கும் இடத்தையும் பார்த்தோம். கத்தாழையின் நடுத்தண்டை நெருப்புக் கல் குழியில் போட்டு மண்ணால் மூடி நாள்கணக்கில் புகையவிடுகிறார்கள். குதிரை இழுக்கும் கல் உருளையில் நசுக்கி, மரத்தொட்டியில் புளிக்கவைத்து வடிக்கிறார்கள். கத்தாழை முற்றவே ஏழெட்டு வருடம் ஆகும். மடக்கென்று ஊற்றிக்கொள்ளாதீர்கள். உதட்டை நனைத்து நனைத்துக் குடிக்க வேண்டும் என்று அங்கிருந்த பெரியவர் கண்டிப்பாகச் சொன்னார். அதிலும் அதே புகை!

கடலுக்குப் போக இப்போது புது நெடுஞ்சாலை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். முன்பு ஆறேழு மணி நேரம் பிடித்த புவெர்த்தோ எஸ்கோந்தீதோ பயணம் அதில் மூன்று மணிக்குள் அடங்குகிறது. நாங்கள் பிடிவாதமாகப் பழைய மலைப்பாதையில் போனோம். வளைவுக்கு வளைவு வயிறு புரண்டாலும், சான் ஹோசே தெல் பசிஃபிகோ என்ற மலையூரில் வேனை விட்டு இறங்கி, பைன் மரங்களுக்குக் கீழே மேகம் படுத்துக் கிடப்பதைப் பார்த்தபோது எல்லாம் மறந்தது. காலையில் ஸ்வெட்டர், மதியம் மசூந்தேயில் வெறுங்கால் மணல்.

மசூந்தே ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் இந்தக் கரையே கடலாமைகளை வெட்டிப் பிழைத்தது. 1990-இல் மெக்ஸிகோ அரசு ஆமை வேட்டையைத் தடை செய்ததும் பிழைப்பு போனது. இன்று அதே ஊரில் ஆமைகளுக்கான தேசிய மையம் இருக்கிறது, சோப்பு, எண்ணெய்க் கூட்டுறவு இருக்கிறது, ஆமையைப் பார்க்க வருகிறவர்களால் தங்கும் விடுதிகள் நிறைகின்றன. பக்கத்து எஸ்கோபீயா கடற்கரையில் லட்சக்கணக்கில் ஆமைகள் கூட்டமாக ஏறி முட்டையிடும். எந்த இனம் தெரியுமா? சென்னைக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் முட்டையிட வருகிற அதே பங்குனி ஆமை. பெசன்ட் நகரில் ராத்திரி ஆமை நடை போயிருக்கிற என் தங்கை, ஏதோ சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் குதித்தாள்.

அந்தி சாயும் நேரம் புந்தா கொமேதா முனைக்கு ஏறுங்கள், வஹாகா மாநிலத்தின் தென்கோடி அது. பக்கத்து சிபோலீத்தே கடற்கரையில் துணியில்லாமல் உலாவ 2016 முதல் சட்டமே அனுமதிக்கிறது. நாங்கள் சேலைக்காரர்கள் இல்லை என்றாலும், வானத்தைப் பார்த்தபடியே கடந்துவிட்டோம்.

புவெர்த்தோ எஸ்கோந்தீதோவின் சிகதேலா கரையில் எழும் அலை உலகம் முழுவதிலுமிருந்து சர்ஃபிங் வீரர்களை இழுக்கிறது. வேடிக்கை பார்க்கலாம், காலை வைக்க வேண்டாம். குளிக்க கரிசலீயோ. நீளமான படிக்கட்டு இறங்கினால் பாறைகள் அணைத்த ஒரு சின்ன விரிகுடா, தண்ணீர் பச்சை, அலை சாது. மணலிலேயே மீன் சுட்டுத் தருகிறார்கள், தோல் கருகக் கருகத்தான், வேறெப்படி!

அப்புறம் மனியல்தெபெக் காயல். அமாவாசையை ஒட்டி இரவில் படகில் போங்கள். தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் கலங்கும்போதெல்லாம் நீலமாக ஒளிவிடும். துடுப்பு பட்ட இடம் எரிகிறது, ஓடும் மீன் கோடு கிழிக்கிறது. நான் குதித்தேன். கையை வீசினால் விரல் நுனியிலிருந்து பொறி பறந்தது. நீச்சல் தெரியாத தங்கை உயிர்காப்புச் சட்டையோடு இறங்கி, “அக்கா, என் காலைப் பாரேன், என் காலைப் பாரேன்!” என்று கத்திக்கொண்டே உதைத்தாள். எங்களோடு வந்த மெக்ஸிகோ குடும்பத்தில் தாத்தா முதல் பேத்திவரை எல்லோரும் தண்ணீருக்குள். படகோட்டி நேரமாகிவிட்டது, நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒருவரும் ஏறுவதாக இல்லை. கடைசியில் அவரும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்துவிட்டார்.