14 கோடி கொடுத்தது பெஞ்சில் உட்கார வைக்கவா?

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் 20 வயது பிரசாந்த் வீரையும் 19 வயது கார்த்திக் சர்மாவையும் தலா 14.20 கோடி ரூபாய்க்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் எடுத்தது. இந்திய அணிக்கு ஆடாத இந்திய வீரர் எவருக்கும் அதுவரை கிடைக்காத விலை. அன்றிலிருந்து 'சென்னை இளைஞர்கள் பக்கம் திரும்பிவிட்டது' என்ற பேச்சு ஓயவில்லை. சித்தூர், திருப்பதிப் பக்கத்து ரசிகர்களுக்குச் சென்னைதான் சொந்த அணி. ஹைதராபாத் எங்கோ வடக்கே இருக்கிறது, சேப்பாக்கமோ காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள். 2021, 2023 கோப்பைகளைத் தி.நகர் தேவஸ்தானக் கோயிலில் பெருமாள் முன் வைத்தபோது திருப்பதியிலும் மகிழ்ந்தவர்கள் உண்டு. அந்த உரிமையில் கேட்கிறேன்: பையன்களை வாங்கினால் போதுமா, ஆட விட வேண்டாமா?

மூத்தவர்களை நம்பி இந்த அணி வென்றதை யாரும் மறுக்க முடியாது. 2018இல் முப்பதைத் தாண்டியவர்களாக நிரம்பிய அணி என்று கேலி செய்தார்கள். இறுதி ஆட்டத்தில் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 அடித்தார், அந்த சீசனில் நம் குண்டூர் ராயுடு 602 ஓட்டங்கள் சேர்த்தார், கோப்பை வந்தது. முடிந்துபோனார் என்று எழுதப்பட்ட ரஹானே 2023இல் மறுபிறவி எடுத்ததும் இங்கேதான். சரி.

ஆனால் அந்த வெற்றிகளிலிருந்து ஒரு தவறான விதியை வடித்தெடுத்துவிட்டார்கள். மூத்தவருக்கு இடம் பெயரால் கிடைக்கும், இளையவர் நிரூபித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எதை நிரூபிப்பது?

2020 அக்டோபர் 19 அன்று ராஜஸ்தானிடம் தோற்ற பிறகு, மூத்தவர்களை அசைக்கும் அளவுக்கு இளைஞர்களிடம் 'ஸ்பார்க்' தெரியவில்லை என்று தோனி சொன்னார். ருதுராஜ் கெய்க்வாட் அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் உட்கார்ந்திருந்தவர். 2020இல் அதுவரை கிடைத்தது இரண்டே ஆட்டங்கள். பிளே ஆஃப் கனவு கைநழுவிய நேரத்தில் இறக்கிவிட்டார்கள். கடைசி மூன்று ஆட்டங்களில் 65, 72, 62. மறு ஆண்டு 635 ஓட்டங்களுடன் ஆரஞ்சுத் தொப்பி. 'பார்த்தீர்களா, பொறுமையாக வளர்த்தோம்' என்கிறார்கள். இழப்பதற்கு ஒன்றும் மிஞ்சாதபோது கதவைத் திறந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஐந்து ஆண்டு கழித்து 2025இலும் அதே கதை. திரிபாதி 5 ஆட்டங்களில் 55 ஓட்டங்கள். தீபக் ஹூடா வருவதும் போவதுமாக இருந்து சீசன் முழுக்கச் சேர்த்தது 31. டெல்லிக்கு எதிராக 184ஐத் துரத்தும்போது விஜய் சங்கர் 54 பந்துகளில் 69 எடுத்து கடைசி வரை நின்றார், தோற்றோம். வரிசையாக ஐந்து தோல்வி, முடிவில் 14 ஆட்டங்களில் 4 வெற்றி, அணி வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடம்.

அந்த சீசனின் பிற்பாதியில் புது ரத்தம் வந்ததே என்பார்கள். எப்படி வந்தது? ருதுராஜின் முழங்கை உடைந்ததால் 17 வயது ஆயுஷ் மாத்ரே. குர்ஜப்நீத் காயப்பட்டதால் பிரெவிஸ். வன்ஷ் பேடி காயப்பட்டதால் உர்வில் படேல். பெங்களூரில் மாத்ரே 48 பந்துகளில் 94, கொல்கத்தாவில் உர்வில் 11 பந்துகளில் 31, அதே ஆட்டத்தில் பிரெவிஸ் 25 பந்துகளில் 52. மூவரில் ஒருவரைக்கூட அணி ஏலத்தில் எடுக்கவில்லை. இளைஞர் கொள்கை என்று நாம் கொண்டாடுவது மருத்துவர் அறிக்கையின் பலன்.

ஏலத்தில் எடுத்தவர்கள் கதியைப் பாருங்கள். குண்டூர் ஷேக் ரஷீத் 2023, 2024 இரு சீசன்களும் வெறுமனே உட்கார்ந்திருந்தார். ஐந்து தோல்விக்குப் பிறகு, லக்னோவில் தொடக்க வீரராக இறங்கி 19 பந்துகளில் 27 எடுத்தார், சென்னை வென்றது. ஆட்ட நாயகன் விருது தோனிக்கு. எனக்கு ஏன் தருகிறார்கள் என்று அவரே கேட்டார்! ஐந்து ஆட்டங்களில் ரஷீதின் கதை முடிந்தது. சென்னைப் பையன் ஆந்த்ரே சித்தார்த்துக்கு அந்த ஐந்தும் இல்லை. நவம்பரில் இருவரையும் விடுவித்துவிட்டார்கள். தோனி பக்கத்தில் உட்கார்ந்தாலே பாடம் என்பவர்கள், அந்தப் பாடம் படித்தவரை ஏன் வீட்டுக்கு அனுப்பினோம் என்றும் சொல்ல வேண்டும்.

சொல்லத் தயங்குவதையும் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில், பெங்களூரு 2008க்குப் பிறகு முதல் முறையாக நம்மை அங்கே வென்ற இரவில், தோனி அஸ்வினுக்கும் பின்னால் 9ஆவதாக வந்தார். பத்து ஓவர் முழு வேகத்தில் ஆட முழங்கால் இடம் தராது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங் வெளிப்படையாகவே விளக்கினார். சில பந்துகளுக்காக ஒரு மட்டையாளர் இடத்தையே ஒதுக்கும் அணி, அந்த விலையை ஒரு இளைஞனின் தலையில்தான் கட்டுகிறது. கூட்டம் அவரைப் பார்க்கத்தான் வருகிறது என்றால், அதை விற்பனைக் கணக்கில் எழுதுங்கள், மறுசீரமைப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

கூடைப்பந்தில் இதே நாடகம் 2015-16இல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸில் நடந்தது. கோபி பிரையன்ட்டின் விடைபெறும் ஆண்டு. அவர் நினைத்தபோதெல்லாம் பந்தை வளையத்துக்கு எறிந்தார். புதுமுக வீரர் தேர்வில் (டிராஃப்ட்) இரண்டாவதாக எடுத்த டி'ஏஞ்சலோ ரஸ்ஸலைப் பயிற்சியாளர் பைரன் ஸ்காட் தொடக்க ஐவரிலிருந்து எடுத்து பெஞ்சில் வைத்தார். கடைசி ஆட்டத்தில் கோபி 60 புள்ளிகள் எடுத்தார், அரங்கமே அழுதது. அந்த ஆண்டின் கணக்கு 17 வெற்றி, 65 தோல்வி. லேக்கர்ஸ் வரலாற்றிலேயே மோசமானது.

இளையவரை இறக்கினால் வெற்றி உறுதியா? இல்லை. 14 வயது வைபவ் சூர்யவன்ஷியை இறக்கிய ராஜஸ்தானும் 2025இல் ஒன்பதாம் இடம்தான். ஆனால் சீசன் முடிவில் அவர்கள் கையில் 38 பந்துகளில் 101 அடித்த ஒரு பையன் இருந்தான்.

இப்போது சஞ்சு சாம்சன் வந்துவிட்டார். உர்வில் இருக்கிறார், கார்த்திக் சர்மா இருக்கிறார், மூவருமே விக்கெட் கீப்பர்கள். தோனியை விட்டால் கீப்பிங்குக்கு ஆள் இல்லை என்ற சாக்கும் இனி எடுபடாது. பிரசாந்தையும் கார்த்திக்கையும் முதல் ஆட்டத்திலேயே இறக்குங்கள். டக் அடித்தாலும் அடுத்த ஆட்டத்திலும் இறக்குங்கள். ஹூடாவுக்குக் காட்டிய பொறுமையில் பாதியாவது அவர்களுக்கும் காட்டுங்கள்.