பெஞ்சுக்கு என்ன கலர்?

ஊரில் இருக்கும் பூங்காவையும் அதை ஒட்டிய குளத்தையும் சீரமைக்கப் போகிறார்கள் என்றால் யாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முன்னால் 'மக்கள் கருத்துக் கேட்பு' என்று ஒன்று நடக்கிறது பாருங்கள், அதுதான் வேடிக்கை. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கட். ஃப்ளெக்ஸில் கம்ப்யூட்டர் வரைந்த படம். அதில் தண்ணீர் நீச்சல்குளம் மாதிரி நீலமாக இருக்கும். எந்த நாட்டுக்காரர்கள் என்றே சொல்ல முடியாத நாலு பேர் வாக்கிங் போவார்கள். வரைபடம் முடிந்து, எஸ்டிமேட் முடிந்து, சில சமயம் டெண்டரும் முடிந்திருக்கும். மிச்சம் இருப்பது ஒரே கேள்வி. பெஞ்சுக்கு என்ன கலர் அடிக்கலாம்?

"பச்சை அடிங்க சார்" என்பார் ஒருவர். மக்கள் பங்கேற்பு இனிதே முடிந்தது.

மற்ற ஊர்களில் இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். காவிரி டெல்டாவில் முடியாது. இங்கே கேள்வியின் வரிசை மாறினால் குளம் செத்துப்போகும்.

நன்னிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூர் மாவட்டத்துப் பேரூராட்சி. பெயரிலேயே நல்ல நிலம். பக்கத்தில் முடிகொண்டான் ஆறு. இப்படி ஒரு ஊரில் ஒரு தெருக் குளத்தை அழகுபடுத்தப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து வரும் கன்சல்டன்ட்டுக்குக் குளம் என்றால் நாலு கரை. ஊர்க்காரருக்கு அப்படி இல்லை. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து குளம், குளம் நிரம்பினால் வடிகால். அந்தச் சங்கிலியில் குளம் ஒரு கண்ணி, அவ்வளவுதான். எஸ்டிமேட் காம்பவுண்டு சுவரோடு நின்றுவிடுகிறது. தண்ணீரோ சுவருக்கு வெளியே இருந்து வந்தாக வேண்டும்.

அதுவும் எப்போது வரும்? மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நிச்சயமின்மையோடு வாழ்ந்து பழகியவர் உள்ளூர் விவசாயி. எந்த மதகு அடைத்துக்கொள்ளும், எந்த மழைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று அவருக்குத் தெரியும். அவரிடம் பெஞ்சின் கலரைக் கேட்கிறோம்!

கேட்காவிட்டால் என்ன ஆகும்? அடியில் சிமென்ட் போடுவார்கள். தண்ணீர் பூமிக்குள் இறங்காது. நாலு பக்கமும் செங்குத்தாகச் சுவர் எழுப்புவார்கள். தவறி விழுந்த குழந்தையோ கன்றுக்குட்டியோ ஏறி வர வழி இருக்காது. வரத்து வாய்க்கால் மேல் நடைபாதை வரும். கடைசியில் போர்வெல் போட்டுக் குளத்தை நிரப்புவார்கள். நிலத்தடி நீரைக் கூட்டுவதற்காக இருந்த குளம், நிலத்தடி நீரைக் குடிக்கும் குளமாகிவிடும்.

நம் முன்னோர்கள் இதில் கெட்டிக்காரர்கள். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகங்கைப் பூங்கா 1871-72-ல் உருவானது. உள்ளே இருக்கும் குளம் அதைவிடப் பழசு. செவ்வப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர், ஜலசூத்திரம் என்ற நிலத்தடிக் குழாய் வழியாக இந்தக் குளத்துக்கு வந்தது. இங்கிருந்து ஊருக்குள் இருக்கும் அய்யன்குளத்துக்குப் போனது. 2016-ல் தஞ்சாவூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அந்தத் திட்டத்தில் அய்யன்குளத்தைச் சீரமைத்தபோது பழைய நிலத்தடி வழியையும் தேடிப் பிடித்தார்கள். பாராட்ட வேண்டிய வேலை. அதே திட்டத்தில் சிவகங்கைப் பூங்கா மட்டும் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. தண்ணீரின் வழியைத் தேடிய பொறுமையில் கொஞ்சம், சாயங்காலம் குழந்தையோடு வந்து கேட்டில் நின்று திரும்பிப் போகிறவர்களிடமும் காட்டியிருக்கலாம்.

'மக்களைக் கேட்பது' வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் உத்திரமேரூருக்கு அனுப்பிவையுங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921. குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பூங்காவுக்கும் குளத்துக்கும் தனித்தனிக் கமிட்டி! முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடம் கிடையாது. இந்த ஒரு விதியை இன்றைக்கு அமல்படுத்தினால் பல ஊர்களில் கமிட்டிக்கே ஆள் கிடைக்காது.

ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். அது பிராமணர்களின் சபை. நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் அந்தக் குடம். நாற்று நட்டவர்களுக்கு அதில் ஓலை இல்லை. இன்றைக்கும் கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைத்தால் அதே கதைதான். நடவுக்குப் போன பெண்கள் வர முடியாது. மாடு குளிப்பாட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், குளத்தங்கரையில் குடிசை போட்டவர் வர மாட்டார்கள். ஓய்வு பெற்றவர்களும் வாக்கிங் போகிறவர்களும் வருவார்கள். எனவே வாக்கிங் பாதை வரும். கூடவே டிக்கெட் கவுண்டரும் வரும்.

2017-ல் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி கொண்டுவந்தபோது, வேலையில் பத்து சதவிகிதம் பாசன விவசாயிகள் சங்கத்தின் பங்கு என்றார்கள். பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ. நல்ல யோசனை. ஆனால் சங்கம் நிஜமானதா, காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அதன் பலன். பேராவூரணியில் நிஜமாகவே நடந்தது. 2018-ல் கஜா புயல் புரட்டிப்போட்ட பிறகு, கடைமடை இளைஞர்களும் விவசாயிகளும் 'கைஃபா' என்ற அமைப்பாகச் சேர்ந்தார்கள். 2019-ல் சொந்தப் பணம் போட்டு, ஊரெல்லாம் வசூலித்துப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். மக்கள் கருத்து மண்வெட்டியோடு வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது சாட்சி. அதற்காக வரி கட்டுகிற ஜனங்களே குளத்தையும் வெட்டிக்கொள்ளட்டும் என்று அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

2022 நவம்பர் 1-ல் நகரப் பகுதிகளிலும் வார்டுக்குள் பகுதி சபை கூட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் ஆரம்பித்தது. அந்த மாதிரிக் கூட்டம் உங்கள் தெருவுக்கு வந்தால், டீயை வாங்கிக் குடித்துவிட்டு நாலு கேள்வி கேளுங்கள். தண்ணீர் எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும்? இப்போது குளத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பிறகு எங்கே இடம்? செலவுக் கணக்கைத் தமிழில் போர்டாக வைப்பீர்களா? ஒரு ஐப்பசி மழை முடிந்ததும் இதே இடத்தில் மறுபடி கூட்டம் போட்டு, சரியில்லாததை மாற்றுவீர்களா?

இந்த நாலுக்கும் பதில் வந்த பிறகு, பெஞ்சுக்கு அவர்கள் இஷ்டப்பட்ட கலரை அடித்துக்கொள்ளட்டும்.