நாவடக்கமும் வாயடைப்பும்

செஞ்சிப் பக்கத்துப் பிள்ளை "அம்மா பேசினாங்க" என்றால், அம்மா ஏதோ சொன்னார் என்று பொருள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை "அம்மா பேசினவா" என்றால், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது என்று பொருள். அங்கே பேசுவது திட்டுவது. சும்மா உரையாடுவது 'கதைப்பது'. இங்கே 'கெட்ட வார்த்தை' என்பது அங்கே 'தூசணம்'. இங்கே வசனத்தை மனப்பாடம் செய்கிறார்கள், அங்கே 'பாடமாக்குகிறார்கள்'. சொற்கள் இப்படிப் பிரிந்தாலும், கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளையின் நாவைப் பழக்க எடுக்கும் புத்தகம் ஒன்றுதான்: வேதாகமம்.

அந்தப் புத்தகத்தின் தமிழே இரு கரைகளின் வழக்கில் பிறந்தது. ஆறுமுக நாவலரின் துணையோடு பீட்டர் பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் உருவாக்கிய 1850ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு சென்னைப் பக்கத்தில் எடுபடவில்லை. பிறகு ஹென்றி பவர் தலைமையில் இரு தரப்பும் இணங்கிய திருத்தம் 1871இல் வந்தது. சபைகளுக்கிடையிலும் உறவு உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் ஊழியம் செய்தவர். அங்கே 1822இல் பிறந்த மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் தம் சகோதரர்களோடு 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன்தான் பின்னாளில் திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துக்கு வந்தது. 1947இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையில் யாழ்ப்பாணமும் சேர்ந்தது.

ஆகவே பாடத்திட்டம் ஏறக்குறைய ஒன்றே. மாலைக் குடும்ப ஜெபத்தில் சின்னதிலிருந்து பெரியதுவரை ஆளுக்கொரு வசனம். நாவைக் குதிரையின் கடிவாளத்தோடும் கப்பலின் சுக்கானோடும் பொருத்திக் காட்டும் யாக்கோபு நிருபத்தின் 3ஆம் அதிகாரம். பள்ளிக்கூடம் போனால் அதே பாடத்தைச் சொல்லத் திருக்குறளின் 127ஆம் குறள். மலைப்பிரசங்கம் சத்தியம் செய்வதையே விலக்குகிறது. அதனால் செஞ்சி வீட்டில் "அம்மா மேல சத்தியமா" என்றாலும், யாழ்ப்பாணத்து வீட்டில் "அம்மாவாணை" என்றாலும் பிள்ளைக்கு ஒரு முறைப்பு நிச்சயம்.

வேறுபாடு, அடக்கச் சொல்லும் முறையில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் 'நீ', 'நீங்கள்' இரண்டுக்கும் நடுவே 'நீர்' என்று ஒரு படி இருக்கிறது. "வாரும், இரும்" என்று பிள்ளையையே மரியாதையாக அழைத்து மரியாதை பழக்க முடியும். 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பள்ளி போன்ற விடுதிகளின் ஒழுங்கும் அந்த நாகரிகத்தோடு கலந்தது. செஞ்சியில் அந்த நடுப்படி இல்லை. "வாடா, போடி" என்று கொஞ்சும் வாய்தான் "பெரியவங்கள வாங்கன்னு சொல்லு" என்றும் அதட்டுகிறது. பிள்ளையைக் கொடுக்கச் சொல்லும் மரியாதை, பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

இன்னும் ஆழமான வேறுபாடு, யாருடைய நாவு என்பதில் இருக்கிறது. யாழ்ப்பாண மிஷன் விடுதிகளில் தொடக்கத்தில் படித்தவர்கள் பெரும்பாலும் வேளாளர் வீட்டுப் பிள்ளைகள். ஆற்காடு மிஷனின் கிராமச் சபைகளிலோ பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊர்த்தெருவில் குரலைத் தாழ்த்தவே பழக்கப்பட்டவர்களுக்கு நாவடக்கத்தைச் சபை புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி வசனம் ஒப்பிக்கச் சொன்ன ஞாயிறு பள்ளி, அந்தப் பிள்ளைகளுக்கு வாய் திறக்கப் பழக்கிய இடமும் ஆனது. யாழ்ப்பாணத்திலும் ஒரு தலைமுறை வேறொரு மௌனத்தில் வளர்ந்தது. 2009வரை நீண்ட போர்க்காலத்தில் "வெளியிலை ஒண்டும் கதைக்காதை" என்ற கட்டளை ஒழுக்கத்துக்காக அல்ல, உயிருக்காக.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நாவடக்கம் வேறு, வாயடைப்பு வேறு என்பது தெளிவாகிறது. "கோள் சொல்லாதே" என்று வளர்க்கும் வீடு, தனக்கோ இன்னொருவருக்கோ தீங்கு நடந்தால் அதைச் சொல்வது கோள் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பிள்ளை நல்ல பேரோடு ஊமையாகிவிடும். கப்பம் கட்ட மறுத்து 1714இல் மாண்ட தேசிங்கு ராஜனின் கதையைக் கேட்டு வளரும் செஞ்சியில், அடங்குவதை மட்டும் புண்ணியமாகச் சொன்னால் பிள்ளைகளும் நம்பமாட்டார்கள்.

துதிக்கும் வாயே சபிக்கவும் செய்கிறதே என்று அதே 3ஆம் அதிகாரம் வருந்துகிறது. அது சிறுவர்களுக்கு எழுதிய கடிதம் அல்ல. ஜெபம் முடிந்ததும் பக்கத்து வீட்டாரைத் தாறுமாறாகப் பேசும் பெற்றோருக்கும் அது பொருந்தும். 'பேசுவது' என்றால் திட்டுவது என்பது யாழ்ப்பாணத்து வழக்கு என்று நினைக்கிறோம். செஞ்சியிலும் எத்தனையோ பிள்ளைகளுக்கு, அப்பா பேசினார் என்றால் அதுதான் பொருள்.