பழகுவது இயர்போனா, காதா?

புதிய இயர்போனை 100 மணி நேரம் ஓடவிட்டால்தான் அதன் உண்மையான ஒலி வெளிப்படும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இக்கூற்று முற்றும் பொய்யன்று. பெரிய ஒலிபெருக்கியில் கூம்பைத் தாங்கும் வளையம் அதிர அதிரச் சற்று நெகிழ்கிறது. அதன் ஒத்ததிர்வு எண் சிறிது இறங்குகிறது. இயர்போனில் இருப்பதோ சின்னஞ்சிறு சவ்வு. அசைவும் மிகக் குறைவு. நெகிழ்ந்தாலும் எவ்வளவு நெகிழும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். பழகிய பின் ஒலி கெட்டுப்போயிற்று என்று சொல்பவர் அரிது. இனிமை கூடிற்று என்றே சொல்கிறார்கள். நெகிழ்ந்த சவ்வுக்கு இசை ரசனை உண்டா என்ன? பழகிக்கொள்வது பெரும்பாலும் நம் செவியும் மூளையும்தான். காதில் செருகும் ரப்பர் முனை சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டாலே தாழ்ந்த சுரங்கள் பல டெசிபல் குறைந்துவிடும். நாள்தோறும் அணிந்து, சரியாகச் செருகக் கற்றுக்கொண்டவர் புகழை இயர்போனுக்குக் கொடுத்துவிடுகிறார். (100 மணி முடிவதற்குள், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடுவும் முடிந்துவிடலாம்!)

நீங்களும் நண்பரும் ஒரே வகை இயர்போன் வாங்கினால் சோதித்துப் பார்க்கலாம். முதல் நாளே இரண்டையும் கேட்டு வையுங்கள். ஒரே ஆலையில் பிறந்தவையும் சற்று வேறுபடும். ஒன்றைப் பெட்டியிலேயே வைத்து, மற்றதைப் பாடவிடுங்கள். பிறகு கண்களைக் கட்டிக்கொண்டு, நண்பர் மாற்றி மாற்றித் தர, எது பழகியது என்று 20 முறை சொல்லுங்கள். 10 முறை சரியாக இருந்தால், அது காசைச் சுண்டிப் பார்த்ததற்குச் சமம்.