கல்லாப்பெட்டியருகே ஒரு தாய்

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்ததிலிருந்து இருபதாண்டுக் காலத்தில், படகேறிச் சென்று மலேசியா, தாய்லாந்து, ஹாங்காங் முதலிய இடங்களில் கரைசேர்ந்த வியட்நாமியர் ஏறத்தாழ 8 லட்சம் பேர்; கரை காணாமலே போனவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களுடைய குழந்தைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் வளர்ந்து எழுதத் தொடங்கியபோது, யுத்தத்தைக் கண்ட ஞாபகம் பெரும்பாலும் தங்களுக்கு இல்லாத காரணத்தால், அதைக் கண்டு தப்பிவந்த தாயையே எழுத வேண்டியதாயிற்று. இன்று அது ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. தாயைத் தியாக விக்கிரகமாகப் பீடத்தில் ஏற்றும் நூல்கள் அதில் சீக்கிரமே சலித்துப்போகின்றன என்பதும், அவள் எப்படிச் சம்பாதித்தாள், யாரை அடித்தாள், எதற்கு அஞ்சினாள் என்று கிட்ட நின்று பார்த்தவையே நிற்கின்றன என்பதும் என் அபிப்பிராயம்.

வியட் தான் நுயென்னை எடுத்துக்கொள்வோம். 1975 மார்ச்சில் அவர்களுடைய ஊரான பான் மே துவோட் வடக்குப் படைகள் வசமானபோது, கணவர் சைகோனில் இருக்க, அவரைக் கலந்துகொள்ளவும் வழியின்றி, மகன்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு புறப்படுவதென்றும், வளர்ப்பு மகளை வீட்டைப் பார்த்துக்கொள்ள விட்டுச் செல்வதென்றும் தனியொருத்தியாகத் தீர்மானித்தவர் அவருடைய தாய். அமெரிக்க முகாமிலிருந்து வெளியேறப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். நால்வரையும் ஒருசேர ஏற்பாரில்லாமையால், நான்கு வயது நுயென் பெற்றோரைப் பிரிந்து வேறொரு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிறகு சான் ஹோசே நகரில் பெற்றோர் மளிகைக் கடை வைத்தார்கள். அந்தக் கடைவாழ்வே ‘த ரெஃப்யூஜீஸ்’ (2017) தொகுப்பிலுள்ள ‘வார் இயர்ஸ்’ என்ற கதைக்கு ஆதாரம். கம்யூனிஸ்டுகளை எதிர்க்கும் ரகசியப் படைக்கு நன்கொடை கேட்டு ஒரு பெண்மணி வருகிறாள். கொடாவிட்டால் கம்யூனிஸ்டு என்று ஊரெல்லாம் பெயர் பரவும். தாயோ காசைக் காசென்று அறிந்தவள். சண்டையிடவே மகனுடன் அவள் வீடுவரை போகிறாள். அங்கே, யுத்தத்தில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த அப்பெண், இல்லாத வெற்றிக்காக ராணுவ உடுப்புத் தைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, பணத்தை எடுத்து நீட்டுகிறாள். இரக்கம், எரிச்சல், வாயை அடைத்துவிட்டுப் போகும் வியாபாரியின் யுக்தி மூன்றும் அந்தக் கொடையில் பிரிக்கமுடியாதபடி கலந்திருக்கின்றன. இத்துறையில் இதற்கு நிகரான பக்கம் அதிகமில்லை.

நகப்பூச்சுக் கடைகளில் வியட்நாமியப் பெண்கள் நிறைந்த வரலாறும் 1975-லேயே தொடங்குகிறது. கலிபோர்னியாவில் அகதிப் பெண்களுக்குத் தொழில் தேடிய நடிகை டிப்பி ஹெட்ரன், தம் நகப்பூச்சுக்காரியையே அழைத்துவந்து இருபது பேருக்குக் கற்பிக்கச் செய்தார். மொழி அதிகம் வேண்டாத, சீக்கிரம் கற்கக்கூடிய அந்த ஜீவனோபாயம் உறவு வழியாகத் தேசமெங்கும் பரவிற்று. ஓஷன் வுவோங்கின் 2019-ஆம் ஆண்டு நாவலான ‘ஆன் எர்த் வீ ஆர் ப்ரீஃப்லி கார்ஜியஸ்’ அத்தகைய ஒரு தாய்க்கு, அவளால் வாசிக்க முடியாத கடிதம். மகனைக் கைநீட்டி அடிக்கும் அதே தாய், பொய்க்காலைக் கழற்றிவைத்த முதியவள் ஒருத்தி கேட்டுக்கொண்டபடி, இல்லாத காலிருந்த இடத்தில் வெற்றுக்காற்றைப் பிடித்துவிடுகிறாள். உவமைகளை அள்ளிக் கொட்டுவது இவருடைய பலவீனம். அந்தக் காட்சியில் மட்டும் கை அடங்கியிருக்கிறது.

கனடாவில் பிரெஞ்சில் எழுதும் கிம் துய்யின் ‘ரூ’ (2009) துண்டுதுண்டான நேர்த்தியான நூல். செல்வவீட்டுப் பெண்மணி பிறர் வீடு துடைக்கப் போனதை அது புலம்பாமல் சொல்கிறது. தீ புய்யின் சித்திர நூலான ‘த பெஸ்ட் வி குட் டூ’ (2017) தானே பிரசவித்த ஒரு மகளின் கண்ணால், முகாமிலும் பிள்ளை பெற்ற தாயைப் பார்க்கிறது.

அயல்நாடான லாவோஸின் மோங் இனத்தவரான காவ் கலியா யாங், ‘வேர் ரிவர்ஸ் பார்ட்’ (2024) நூலில் இன்னொரு வாசலைத் திறக்கிறார். தாயின் குரலிலேயே தன்மையில் எழுதப்பட்ட இந்நூலில், காட்டில் ஒளிந்து திரிந்த காலத்தில் பதினாறு வயதில் மணம்புரிந்து கணவன் வீட்டாருடன் சென்ற பெண், தன்னைப் பெற்றவளை மறுபடி காணவேயில்லை. அகதித் தாய் முதலில் ஒருத்தியின் மகள் என்ற பிரக்ஞை ஏனைய நூல்களில் இவ்வளவு அழுத்தமாக இல்லை. ஆயினும் மகள் தாயின் வாயால் பேசும்போது, எது கேட்டது, எது இட்டுக்கட்டியது என்ற ஐயம் வாசகனை விடுவதில்லை.

அந்த ஐயத்துக்கு இடமில்லாத ஒரு நூல் முன்பே வந்திருக்கிறது. அமெரிக்கரை மணந்து 1970-இல் கலிபோர்னியா சென்ற லே லி ஹேஸ்லிப், கண்டிப்பான அர்த்தத்தில் அகதியல்லர்; எனினும் யுத்தத்தில் சிறையும் சித்திரவதையும் பட்டு, அந்நியதேசத்தில் இருமுறை விதவையாகி, மூன்று மகன்களை வளர்த்தவர். அவருடைய முதல் நூல் 1989-இல் வெளிவந்து, ஆலிவர் ஸ்டோனின் திரைப்படத்தால் புகழ்பெற்றது. மகனின் துணையோடு எழுதிய இரண்டாம் நூலான ‘சைல்ட் ஆஃப் வார், வுமன் ஆஃப் பீஸ்’ (1993) அந்தப் புகழின் நிழலில் மறைந்துவிட்டது. போர்க்களத்துப் பெண்ணைத் தேடி வந்த வாசகருக்கு, குடித்தனத்தோடும் வருமானத்தோடும் மல்லாடும் கலிபோர்னியத் தாய் சுவைக்கவில்லை போலும். எனக்கோ, இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், பின்னதையே எடுப்பேன்.